கறுப்புப் பெட்டி தூங்கிய நேரம்

தேவாரம் போகும் சாலையில் ஓர் எடைமேடையில் சீட்டுப் போடும் வேலை பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை சிரமமில்லை. கறுப்புத் திரையில் எடை மட்டும் தெரியும். வண்டி ஏறியதும் எண் ஓடி நிற்கும். பட்டனைத் தட்டினால் சீட்டு வரும். ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து அது போய்விட்டது. முதலாளி விண்டோஸ் போட்ட புதியது வாங்கினார். எடை புரோகிராம் மட்டும் பழையதே. தேனியிலிருந்து வந்த மெக்கானிக் அதைப் புதிய திரைக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியாக வைத்துக் கொடுத்தார்.

“இனி எடை, எழுத்து ரெண்டு வேலையும் ஒண்ணா ஓடும்க்கா” என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் இரண்டு வேலை. முதலாளியின் கோயில் கமிட்டிக் கடிதங்களையும் நானே ஒற்றை விரலால் தட்டி அடிக்க வேண்டும். கடிதத்துக்குப் போனால் கறுப்புப் பெட்டி தூங்கிவிடும். கடைசி வண்டியின் எடையையே காட்டிக்கொண்டிருக்கும். தொட்டு எழுப்பினாலும் புது எடைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். முதல் வாரமே இதைக் கவனித்தேன். பத்தாவது படித்த நான் போய்க் கம்ப்யூட்டரைக் குறை சொல்வதா என்று யாரிடமும் சொல்லவில்லை.

மக்காச்சோளம் அறுத்த சமயம். பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் டிராக்டரில் மூட்டைகளோடு வந்தார். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று, “இன்னும் ரெண்டு வரிதான், அடி அடி” என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் கறுப்புப் பெட்டியைத் தொட்ட கையோடு பட்டனைத் தட்டிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வரிக்குத் திரும்பினேன்.

அவர் சோளம் வாங்கும் வியாபாரியின் கிட்டங்கியில் சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியை எடை போட வந்தார். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. இரண்டாவது சீட்டைக் கையில் வாங்கிக் கணக்குப் பார்த்தவர் நகரவில்லை.

“ஏத்தா, அம்பது மூடை ஏத்துனேன். பாதிதான் காட்டுது. மீதிய வழியில எலி தின்னுருச்சாக்கும்?”

நகல் சீட்டுகளைப் புரட்டினேன். அவருக்கு முன் வந்த வைக்கோல் வண்டிக்கும் அவர் வண்டிக்கும் ஒரே எடை, கிலோ பிசகாமல்.

“திரும்பப் போடலாமான்னா, மூடையெல்லாம் பிரிச்சு அவுக குவியல்ல கொட்டியாச்சு” என்றார். பிறகு குரல் மாறியது. “யாவாரியும் நீங்களும் சேந்துக்கிட்டீகளா?”

முதலாளி என் காதருகே குனிந்தார். “மேடை தப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் வண்டிய ஏத்துவான்? பேசாம இரு.”

பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். அன்று மட்டும் பண்ணைப்புரத்துக்காரர் கையில் இருந்த காலிச் சாக்குக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “மேடை சரியாத்தான் இருக்கு. நான்தான் கடுதாசியில இருந்தேன்.” முதல் சீட்டை வாங்கி, ‘எடை தவறு, என்னால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது.

சாயங்காலம் அவர் டிராக்டரை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார்: “யாவாரி சாக்க எண்ணி, அம்பது மூடைன்னு ஒத்துக்கிட்டாகத்தா!”

அதற்குப் பிறகுதான் முதலாளியிடம் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணா ஓடாதுங்கய்யா.” மறுநாள் காலை மேசையில் அடுத்த கடிதம் இருந்தது. “வண்டி வராதப்ப அடி” என்றார்.

வண்டி எப்போது வராது என்று அந்தச் சாலையில் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வண்டிக்கும் கடிதத்தை மூடி, கறுப்புப் பெட்டியைத் தொட்டு, பத்து எண்ணிய பிறகே பட்டனைத் தட்டினேன். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். “என்னக்கா, தூங்கிட்டியா?” என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த வேலையை விடும்வரை, நாளுக்கு முப்பது நாற்பது தடவை, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.