ஒன்பது அங்குலம் குறைந்த துணி

ஓம், தங்கையின் சட்டை முழுக்கைதான்.

அந்த முதல்நன்மைச் சட்டைக்கு நூற்றெட்டு அங்குலம் வேண்டும் என்று தையல்கார றீற்றா அக்கா சொல்லியிருந்தார். ஞாயிறு பூசையில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கவேண்டும். மருதனார்மடத்துக் கடையில் வெள்ளைத் துணி இரண்டே முக்கால் மீற்றர்தான் மிச்சம். வேறு கடைகளில் அதுவும் இல்லை.

வாங்கிவிட்டு முப்பத்தாறால் பெருக்கினேன். ஒன்பது அங்குலம் குறைந்தது. சைக்கிளில் வரும் வழியெல்லாம் சட்டையின் கைகளை மனதுக்குள் வெட்டிக்கொண்டே வந்தேன்.

அக்கா துணியை விரித்து நாடாவால் அளந்தார்.

"நூற்றெட்டு. சரியாக் கிடக்கு."

"மீற்றருக்கு முப்பத்தாறுதானே, அக்கா?"

"அது கெஜத்துக்குப் பிள்ளை. மீற்றருக்கு முப்பத்தொன்பது சொச்சம். கம்பசிலை உதெல்லாம் படிப்பிக்கிறேல்லையோ?"

பல்கலைக்கழகம் வரை போன எனக்குக் கணிதப் பரீட்சையில் விசேட சித்தி. உங்களில் எத்தனை பேர் முப்பத்தாறால் பெருக்கியிருப்பீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோலை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.