அம்மருட் அப்புக்காத்தின் மூன்றாவது தேர்தல்

பெரிய மனிதர்களின் சரித்திரத்தைப் பிறப்பிலிருந்து தொடங்குவார்கள். மகேசன் பிறந்த அன்று குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஆகவே நாம் நோர்வேயின் அம்மருட் அடுக்குமாடியின் உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து தொடங்குவோம்.

அங்கே வேண்டியவர் எடுத்துப்போகலாம் என்று வைத்த தட்டில், பதினொரு வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த அமெரிக்க வக்கீல் ஒருவரின் வரலாறு. மகேசன் அவரை "எங்கடை ஒகையோக்காரர்" என்றுதான் சொல்வார். தானாகவே சட்டம் படித்தவர். இரண்டு தேர்தல்களில் தோற்று மூன்றாவதில் வென்றவர். மகேசனும் ஒன்பது வருடம் வடகோடித் துறைமுகமான ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிக்கொண்டே நோர்வேஜிய மொழியையும் சட்டத்தையும் தானாகப் படித்தவர். கட்டடத்துத் தமிழருக்கு வருகிற அரசாங்கக் கடிதம் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை வாசித்துப் பதில் எழுதிக் கொடுப்பார். கூலி ஒரு பிளேன்ரீ, பாலில்லாத தேநீர். அதனால் அவர் பெயர் அப்புக்காத்து, அதாவது வக்கீல். குடியிருப்புச் சங்கத் தலைவர் பதவிக்கு அவரும் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் தோற்றிருந்தார். ஆக, இனி வெற்றிதான் பாக்கி.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒகையோக்காரர் ஒரு மாவட்டத்தின் வாக்குகள் முழுவதையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாநாட்டுக்குப் போகிறார். மகேசனும் வீடு வீடாகப் போய், வீட்டுக்காரருக்குப் பதிலாக அவர் வாக்களிக்க அதிகாரம் தரும் 'புல்மக்த்' கடிதங்கள் இருபத்திரண்டை வாங்கினார்.

"அண்ணை, நீங்களே பாத்துப் போட்டுவிடுங்கோ" என்று எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தார்கள்.

மனைவி தங்கேஸ்வரிக்கு மட்டும் சந்தேகம். "எல்லாரும் வீட்டிலைதானே இருக்கினம். கீழை வந்து கையைத் தூக்கினால் சுளுக்கிப் போடுமே?"

"உமக்கு அரசியல் விளங்காது. ஒன்பதாம் அத்தியாயத்தை வாசியும்."

கூட்டம் மாலை ஆறு மணிக்கு, நிலவறை மண்டபத்தில். பதினான்கு வருடமாகத் தலைவராக இருக்கும் ஆன்ட்ரியாஸ், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கடிதக் கட்டைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஒருவர் ஒரேயொரு வீட்டுக்குத்தான் பதிலாளாக வாக்களிக்கலாம் என்று வாசித்தார்.

"காட்டுங்கள்" என்றார் மகேசன். கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார். இருபத்தொரு வாக்குகள் அந்த ஒரு வரியில் செத்துக் கிடந்தன. ஊரார் கடிதமெல்லாம் கடைசி வரி வரை வாசித்தவர், தன் தேர்தல் சட்டத்தை ஒகையோவில் தேடியிருக்கிறார்! எழுந்து நின்று, "ஆன்ட்ரியாஸ் சொல்வது சரி" என்று தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொன்னார். எந்த வக்கீல் இதைச் செய்வார்?

நிகழ்ச்சி நிரலில் தலைவர் தெரிவு எட்டாவது விடயம். இப்போது நடப்பது மூன்றாவது: சைக்கிள் நிறுத்துமிடத்தை எங்கே அமைப்பது?

அவர் மனைவியின் பக்கம் குனிந்தார். "நீர் மேலை போய்க் கதவு கதவாய்த் தட்டும். நான் பிடிச்சு வைக்கிறன்."

"என்னத்தை?"

"நேரத்தை. பன்னிரண்டாம் அத்தியாயம்!"

அதில் ஒகையோக்காரர் தன் ஆட்கள் குதிரையில் வந்துசேரும்வரை ஐந்து மணி நேரம் பேசுகிறார்.

"பேச்சுக்கு நேர வரம்பு விதியில் உண்டா?" என்று மகேசன் கேட்டார். ஆன்ட்ரியாஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இல்லை.

மகேசன் தொடங்கினார். ஹம்மர்பெஸ்ட் மீனவர் உச்சரிப்பில், சைக்கிள் துருப்பிடிப்பதிலிருந்து தொடங்கி, பனிக்குப் போய், சைக்கிளுக்கும் மனித நாகரிகத்துக்கும் உள்ள தொடர்பைத் தொட்டார். பேசுகிறவரைக் குறுக்கிடுவது அங்கே மரியாதையில்லை. ஆகவே நோர்வேக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். கதவு திறந்தது. கடிதம் கொடுத்தவர்களில் முதலாவதாகத் துஷ்யந்தன் வீட்டுச் செருப்போடு வந்தான். பின்னால் சிவரஞ்சினி, கையில் மாவோடு.

"அண்ணை, இடியப்பம் அடுப்பிலை. கெதியாய் முடியுங்கோ!"

மகேசன் பேசிக்கொண்டே, வந்துசேர்ந்த தலைகளை எண்ணினார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பதினெட்டுத் தலைகள். பேச்சோ தீர்ந்துவிட்டது, சொல்லாமல் மிஞ்சியிருந்தது ஓர் இடம் மட்டுமே.

"ஆகவே, சைக்கிள்களுக்கு மிகச் சிறந்த இடம், கிழக்கு வாசலோரம் என் கார் நிற்கும் இடம்தான்" என்று முடித்தார். பத்தொன்பதாவது ஆள் உள்ளே வந்தபோது மண்டபம் கை தட்டிக்கொண்டிருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எட்டாவது விடயத்தில், கூரையைப் பார்த்திருந்த நோர்வேக்காரர் சிலரும் சேர்ந்து, மகேசனுக்கு முப்பத்துநான்கு கைகள் உயர்ந்தன, ஆன்ட்ரியாசுக்கு முப்பத்தொன்று.

ஆன்ட்ரியாஸ் எழுந்து வந்து கை கொடுத்தார். "பதினான்கு வருடமாக அந்தச் சைக்கிள்களுக்கு என்னால் ஓர் இடம் பிடிக்க முடியவில்லை" என்றார்.

இன்று தலைவரின் கார் மேட்டுக்கு மேலே, பனிக்குள் நிற்கிறது. காலையில் ஏறிப்போய்ச் சுரண்ட வேண்டும்.

"பதவி வந்துது, கார் போச்சுது" என்பாள் தங்கேஸ்வரி.

ஆனால் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குத் தேநீருக்கு முன் கிழக்கு வாசல்தான் காட்டப்படுகிறது. சைக்கிள் ஓட்டவே தெரியாத மகேசன், புத்தக அட்டையில் நிற்கும் ஒகையோக்காரரைப் போல ஒரு கையைக் கோட்டுக்குள் செருகி, மறு கையால் சாய்ந்து நிற்கும் ஒரு சைக்கிளை நிமிர்த்திவிட்டுச் சொல்வார்:

"ஏகமனதாய்! ஒரு கை எதிர்ப்பில்லை, பாருங்கோ."