டேப்பின் மறுபக்கம்

ரொசாரியோ நகரில் வண்டிக்கு சைலன்சர் மாட்டுவது என்றால் எவரிஸ்தோ பார்சோலாதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வெல்டிங் பொறி சட்டையெல்லாம் பொத்தலாக்க, பட்டறையைத் தானே எழுப்பியவர். ஓடும் வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் ஓட்டை என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கே ஒரு மனிதரின் பேச்சு பிடிபடவில்லை.

அவர் பேராசிரியர் லுபெர்த்தி. பல்கலைக்கழகம் வெளியே தள்ளிய தத்துவக்காரர். பாதி ஊர் மேதை என்றது. மீதி ஊர் புருடா பேர்வழி என்றது. எவரிஸ்தோவின் மகள் நொயெமி அவருடைய வகுப்புகளை டேப்பில் பதிந்து வைத்திருந்தாள். படிப்புதான் இல்லை, காது இருக்கிறதே என்று எவரிஸ்தோ தன் பழைய பிக்கப் வண்டியில் ஒன்றைப் போட்டுக் கேட்டார். கேட்ட நாளிலிருந்து தலைக்குள் ஒரே இரைச்சல்.

“நேற்று சத்தியம் செய்தவன் இன்று இல்லை,” என்றது டேப். “உடம்பு மாறிவிட்டது, நினைப்பு மாறிவிட்டது. போய்விட்டவன் கொடுத்த வாக்குக்கு இருப்பவன் எப்படிப் பொறுப்பு?”

வண்டியை ஓரம் கட்டி, அந்த இடத்தை மூன்று தடவை கேட்டார். காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன், அம்மாவை அடக்கம் செய்த அன்று, அண்ணன் இலாரியோ பத்துப் பேர் நடுவில், “இவன் பட்டறையே அப்பாவோட சுத்தியல்ல ஆரம்பிச்சதுதான்” என்று சொல்லிவிட்டார். தன் கையால் முன்னுக்கு வந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? “இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் எவரிஸ்தோ இல்ல!” என்று கத்திவிட்டு வந்தவர், இன்றுவரை மிதிக்கவில்லை. பார்சோலா சொன்னால் சொன்னதுதான்.

இப்போது இலாரியோ மகனோடு இருக்க ஸ்பெயினுக்குப் போகிறார், திங்கட்கிழமை விமானம். திரும்புகிற எண்ணம் இல்லை. ஞாயிறு மதியம் கறி சுடுகிறேன், தம்பியும் வரட்டும் என்று நொயெமியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எவரிஸ்தோ சலவைச் சட்டை போட்டு, ஒரு பாட்டில் ஒயினோடு வண்டியை எடுத்தார்.

“உங்க வாத்தியார் சொன்னதுதான் சரி,” என்றார் பக்கத்தில் இருந்த மகளிடம். “சத்தியம் பண்ணவன் போயிட்டான். நான் வேற ஆளு.”

நொயெமி திரும்பிப் பார்த்தாள். “அப்பா, மறுபக்கம் கேட்டீங்களா?”

“எந்த மறுபக்கம்? அதுல ஒண்ணும் எழுதலையே. காலின்னு விட்டுட்டேன்.”

“ஐயோ! அவரு முதல்ல எதிராளி கட்சியத்தான் பேசுவாரு. எதிராளியே அசந்துபோற மாதிரி பேசுவாரு. மறுபக்கத்துலதான் அதை அடிச்சு நொறுக்குவாரு. மனுஷன்னா அவன் குடுத்த வாக்குதான், வேற ஒண்ணுமில்ல. அதான் அவரு கொள்கை. பாதியக் கேட்டுட்டுத்தான் பாதி ஊரு திட்டுது.”

எவரிஸ்தோ பிரேக்கை மிதித்தார். “அப்ப நான் போகக் கூடாதா?”

“அவரு சொல்றபடி பார்த்தா கூடாது. ஆனா அடுத்த டேப்ல இதையும் மாத்துறாரு.”

“மாத்துறாரா? நான் இப்படி மாத்தி மாத்தி சைலன்சர் மாட்டியிருந்தா என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாங்கடி!”

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வண்டியை எடுத்தவர், அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினார். உள்ளே கொழுப்பு உருகும் வாசனை. படிக்கு ஒரு அடி முன்னால் கால் நின்றுவிட்டது. மிதித்தால் சொல் போகும். சொல் போனால் ஆளே இல்லையாம். மிதிக்காவிட்டால் அண்ணன் போய்விடுவார். எந்தப் பக்கத்தை நம்புவது?

இலாரியோ முள்கரண்டியோடு வெளியே வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். “என்னடா, அங்கயே நிக்கிற?”

“நான் எவரிஸ்தோ இல்ல,” என்று வாயில் வந்துவிட்டது.

இலாரியோ ஏற இறங்கப் பார்த்தார். “நல்லதாப் போச்சு. அவன் தலைக்கனம் பிடிச்சவன். நீங்க யாரா இருந்தாலும் உள்ள வாங்க, கறி கருகுது.”

மிதித்தார். சொல் தப்பியதா, நின்றதா, உள்ளே போனது யார் என்று அவருக்கே விளங்கவில்லை. விலா எலும்பு மட்டும் நன்றாக வெந்திருந்தது.

கிளம்பும்போது இலாரியோ கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பாவோட சுத்தியல் இன்னும் இருக்கா?”

“எவரிஸ்தோவைத்தான் கேக்கணும்.”

“கேட்டுச் சொல்லுங்க.”

“இருக்காம்ணே,” என்றார். “இன்னும் அதைத்தான் கையில எடுக்குறானாம்.”