நாலு ஜிபிக்கு மேல் போகாது

என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஒன்றரை வருஷம் ஆனபோது அந்த கேம் பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தவர். ஆட்குறைப்பு என்று ஒரே மெயிலில் கதையை முடித்துவிட்டார்கள். ஊரோடு வந்து திருப்பரங்குன்றத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போனேன். அவர் வீட்டில் இருந்தார். முதலில் தினமும் விண்ணப்பம் போட்டார், பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. குளிக்கச் சொல்லி நான் கத்தவேண்டிய நிலைமைக்கு வந்திருந்தார்.

அவர்கூடப் படித்தவர் ஒருவர் தூக்கிப்போட வைத்திருந்த பழைய பெட்டி அது. யாரோ அதன் உள்மென்பொருளை மாற்றி, ஹார்ட் டிஸ்கை மாட்டினாலே கேம் ஓடும்படி செய்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாப்பது வயசுல விளையாட்டுச் சாமானா? நல்லாருக்குங்க. அப்படியே ஒரு பம்பரமும் வாங்கித் தரவா?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. சொல்லப்போனால் விளையாடவும் இல்லை. தீவில் ஒருவன் வழி தேடி அலைகிற ஒரு கேமை அந்தப் பெட்டியில் ஏற்றவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அது ஏறவில்லை.

"டிஸ்க்ல எம்புட்டு இடம் கெடந்தாலும் பிரயோஜனம் இல்ல. இந்தப் பெட்டி பழைய முறையில ஃபார்மட் பண்ண டிஸ்க்கத்தான் படிக்கும். அதுல ஒரே ஃபைலா நாலு ஜிபிக்கு மேல போகாது. இது பதினோரு ஜிபி. துண்டு துண்டா வெட்டித்தான் ஏத்தணும்."

"ஏத்திட்டா?"

"உள்ள போனதும் ஒட்டணும். அதுக்குத்தான் நானே ஒரு புரோகிராம் எழுதிட்டு இருக்கேன்."

மூன்று வாரம் எழுதினார். ஆறு மணிக்கு எழுந்தார். நான் சொல்லாமலே குளித்தார். நான் வேலை முடிந்து வந்தால், இன்றைக்கு எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொல்வார். எனக்குப் பாதி புரியாது. திட்டுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் தட்டில் சோறு போடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன், தெரிந்தவர் மூலமாக ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்தது. வீடியோவில்தான் பேசவேண்டும். திரையைக் காட்டி புரோகிராம் எழுத வேண்டும் என்பதால் செல்போன் உதவாது.

"மாப்ள, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிருக்கேன். என் மானத்தக் காப்பாத்துங்க. பத்து மணிக்கு டான்னு உக்காந்துருங்க."

அன்றைக்கு நான் லீவு போட்டேன். ஒன்பதே முக்காலுக்கு எட்டிப் பார்த்தால், மனுஷன் கைலியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசித் துண்டு டிஸ்கில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கிழட்டு லேப்டாப் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யாது.

"இன்னும் அரை மணி நேரம் ஆகும். நடுவுல நிறுத்துனா டிஸ்க்ல இருக்குற அம்புட்டும் போயிரும். இன்டர்வியூவ பத்தரைக்கு மாத்த முடியுமான்னு மெயில் போட்டுருக்கேன்."

அடப்பாவி மனுஷா! எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, போய் டிஸ்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். லேப்டாப்பில் இடம் இல்லாமல் அவர் எழுதிய புரோகிராமும் அதே டிஸ்கில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடுங்கியிருப்பேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. எழுந்துபோய் நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரே இழுவை. பிறகு அவர் திரையைக் காட்டும்போது டிஸ்கில் ஏற்றுவது பாதியில் நின்றுவிட்டது என்று ஒரு அறிவிப்பு குறுக்கே வந்திருக்கிறது. அது என்ன என்று அவர்கள் கேட்டார்கள். இவர் சொல்ல ஆரம்பித்தார். நாலு ஜிபியில் தொடங்கி, எங்கே வெட்டினேன், எப்படி ஒட்டினேன், ஏன் முதல் இரண்டு வழியும் தோற்றது என்று ஒரு தடுமாற்றம் இல்லாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். எதிர்ப்பக்கம் சிரித்தார்கள், திருப்பிக் கேட்டார்கள், இவரும் சிரித்தார். அந்தக் குரலை நான் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சத்தம் சரியாகக் கேட்கவேண்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன்.

கொல்லைப்புறம் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, கெடச்சிரும் போல இருக்குண்ணே."

பத்து நாள் கழித்து அண்ணன்தான் பேசியது. "ஆளு கெட்டிக்காரருதானாம் தாயி. ஆனா இம்புட்டு நாள் இடைவெளி விழுந்த ஆள எடுக்கக் கூடாதுன்னு மேல இருக்கவுக சொல்லிட்டாகளாம்."

அவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

டிஸ்க் காலியாகத்தான் கிடந்தது. அதை அவர் திரும்பத் தொடவே இல்லை. காலையில் பத்து மணி வரை படுத்திருந்தார். புரோகிராமை மறுபடி எழுதுங்கள் என்று நானே சொன்னேன், வம்பிழுத்தேன், சண்டை போட்டேன். எதுவும் நடக்கவில்லை. சண்டைக்காவது பதில் சொல்லக்கூடாதா ஒரு மனுஷன்?

ஒருநாள் வேலை முடிந்து அந்த டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அக்கா, இதுக்கு ரெடிமேடாவே புரோகிராம் வந்து ரொம்ப நாளாச்சே. வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம்." ஒரு மணி நேரத்தில் கேமை ஏற்றிக் கொடுத்தார். கடைக்காரர் சொன்னதை மட்டும் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

நானே ஒயரை மாட்டினேன். டிவியில் கேம் வந்தது. ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் வைத்தேன்.

"எப்படி ஓடுதுன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்கவில்லை. "விளையாடுங்க" என்று அதட்டினேன். ஆஸ்பத்திரியில் கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்களே, அப்படி என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒரு பத்து நிமிஷம் பட்டன்களை அழுத்தினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.