படகு முகப்பில் இரண்டு சொற்கள்

கேளம்பாக்கத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பையன் முன்கையில் அந்த இரண்டு சொற்களைப் பச்சை குத்தியிருந்தான். மெமென்டோ மோரி. கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் பாட்டு, மடியில் யாருக்கோ வாங்கிய கேக் பெட்டி. எனக்கு மட்டும் உப்புக்காற்றும் எனாமல் பெயிண்டும் கலந்த வாடை அடித்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

அந்தச் சொற்களை நான் முதலில் பார்த்தது கோவளத்தில், பெரியப்பாவின் புதுப் படகில்.

அப்பாவைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. அம்மா இருட்டோடு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். கடலில் போனவரின் பேச்சைக் கரையில் எடுக்கமாட்டார்கள் எங்கள் குப்பத்தில். எடுத்தால் கடல் கேட்டுவிடும், இன்னொருவரைக் கூப்பிடும் என்று பயம். ஆகவே அப்பா என்று ஒருவர் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. நான் வாயெடுத்தால் கையில் முறுக்கைத் திணித்து வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் நான் நிறைய முறுக்கு தின்றேன்.

அந்த நாட்களில்தான் மாமா வந்து சேர்ந்தார், அம்மாவின் தம்பி. பாதிரிமார் மடத்தில் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். அவராக வந்தாரா, மடத்தில் அனுப்பிவிட்டார்களா என்பதில் ஊருக்கு இரண்டு அபிப்பிராயம். ஒரு டிரங்குப் பெட்டி, அழகான கையெழுத்து, கொஞ்சம் லத்தீன், இவ்வளவுதான் படிப்பில் மிஞ்சியது. கையெழுத்தை வைத்துப் படகுகளுக்குப் பெயர் எழுதினார். லத்தீனை வைத்து என்னோடு பேசினார். இரண்டு பேருக்குமே பேச வேறு ஆள் இல்லை.

ரோமாபுரியில் போரில் ஜெயித்த தளபதி தேரேறி வருவானாம். தெருவெல்லாம் பூ, கூச்சல். அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் அடிமை நின்று, ‘நீயும் சாகப்போகிறவன்தான், மறந்துவிடாதே’ என்று காதோடு சொல்லிக்கொண்டே வருவானாம்.

“அந்த அடிமைக்கு யாரு மாமா சொல்லுவா?” என்று கேட்டேன்.

“அவனுக்கு எதுக்கு? அவனுக்குத் தெரியாதா இன்னா?” என்றார், பிரஷ்ஷைத் துடைத்தபடி.

பெரியப்பா கட்டுமரத்தை விட்டுவிட்டு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். “பேரு எல்லாருந்தான் எழுதிக்கிறானுங்க. நீ அந்தக் கோயில் பாஷையில ரெண்டு வார்த்த போடு மச்சான்” என்று மாமாவிடம் சொன்னார். நீலத்தின்மேல் சிவப்பில், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினார் மாமா. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

படகை மந்திரித்துத் தண்ணீரில் இறக்கும் நாள் வந்தது. தாலி இழந்தவள் புதுப் படகுக்கு எதிரே வரக்கூடாது. யாரும் சொல்லவில்லை, அம்மாவே கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் மாமா கரைக்கு நடந்தார்.

மந்திரிக்க வந்த ஃபாதர் மாமாவோடு ஒன்றாகப் படித்தவர். தீர்த்தம் தெளித்துக்கொண்டே முகப்புக்கு வந்தவர், எழுத்தைப் பார்த்ததும் நின்றார்.

“இன்னா சாமி போட்டுக்கீது?” என்றார் பெரியப்பா, கழுத்தில் மாலையோடு.

ஃபாதர் ஒரு கணம் மாமாவைப் பார்த்தார். “கடவுளை மறவாதேன்னு போட்டிருக்கு. நல்ல வார்த்தை.”

“பாத்தியா, எம் மச்சானுக்குப் பாதிப் படிப்பே இவ்ளோ வேல செய்யிது!” கரையே சிரித்தது.

அதோடு முடிந்திருக்கும். பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மாமா, “அப்படி இல்ல ஃபாதர்” என்றார். “நீ சாகப்போறவன், மறந்துடாத. அதான் அர்த்தம்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“கடலுக்குப் போற படகுல எழவு எழுதிக்கிறான்யா!”

“இதுக்குத்தான் அங்கேர்ந்து தொரத்திவுட்டுக்கிறாங்க!”

பெரியப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. “எந்தம்பிய இதே கடலுக்குக் குடுத்துட்டு நிக்கிறன். தெனம் அது மேலதான் போய்ட்டு வர்றன். எனக்கு நீ எழுதிக் காட்டணுமா?”

அந்தக் கரையில் அப்பாவைப் பற்றி ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். முறுக்கு கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா மாலையைக் கழற்றி மணலில் போட்டார். “நாளிக்கி இவன் இந்த ஊர்ல இருந்தான்னா நான் படகு தள்ளமாட்டேன்.”

சாயங்காலம் மாமாவைச் செங்கல்பட்டு பஸ் ஏற்றிவிட அம்மாவும் நானும் நின்றோம். “சாமியாரே மூடி மறைச்சாரேடா. நீ வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா?” என்றாள் அம்மா.

“முடியலக்கா” என்றார் மாமா. ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்காக லத்தீனில் ஏதாவது சொல்லுவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் உறுமியது. “வூட்டுக்குப் போ” என்றார்.

அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. மீன் செதிள் உரசிக்கொண்டிருக்கும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அந்த இரண்டு சொற்களை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். அவள் திரும்பமாட்டாள். வெளியே வந்து, தேங்கிய தண்ணீரிடம், காயும் வலையிடம், கட்டிப்போட்ட நாயிடம் சொல்லுவேன். நாய் மட்டும் வாலை ஆட்டும்.

எழுத்தின்மேல் நீலம் அடித்தவர் பெரியப்பாவேதான். ஒரே ஒரு பூச்சு. சிவப்பு உள்ளிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு பூச்சு அடி என்று கூடப் போகிறவர்கள் நச்சரித்தார்கள். அடிக்கிறேன், அடிக்கிறேன் என்று சொன்னாரே தவிர அடிக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் படகைத் தள்ளுவதற்கு முன்னால், சற்று நேரம் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மழைக்காலம் வந்து, போய், வெயில் திரும்பிய பிறகும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கடலோரத்தில் பெயிண்ட் காய அவ்வளவு நாள் பிடிக்கும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.