மின்சார ரயிலில் ஓடாத புரோகிராம்

அவரை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன், கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில். என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் ஏதோ தொழிற்சாலையின் நீலச் சட்டை போட்டிருந்தார். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விரல் வைத்து, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார்.

நானோ அழும் நிலையில் இருந்தேன். ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் நேர்காணலுக்குப் போகிறேன். நான் எழுதிய புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். தம்பியிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில் கட்டளையைத் தட்டும்போதெல்லாம், புரோகிராம் ஓடத் தேவையான ஏதோ லைப்ரரி ஃபைல் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னா எழுதிக்கீதுன்னு முழுசா படிச்சீங்களாக்கா?"

"எர்ரர்னு வருது, அவ்வளவுதான்."

"ஃபைல் பேரே குட்த்துக்கீது பாருங்க. அது உள்ள எங்கனா கீதா, தேடுங்க."

தேடினேன். வேறொரு ஃபோல்டரில் இருந்தது.

"அப்போ காணாமப் போவல. எங்க கீதுன்னு அதுக்குத் தெர்ல. நீங்க சொல்லுங்க."

அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். விடைகள் வரிவரியாக வந்தன.

"கம்ப்யூட்டர் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கம்பெனில மெஷின் நின்னா ஸ்கிரீன்ல வர்றத படிப்பேன். மத்தவங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க" என்று சிரித்துவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனார்.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் பிரிவுக்கு இன்னொரு ஆள் எடுக்கிறார்கள். அதைச் சொல்வதற்காகத் தினமும் மகளிர் பெட்டியில் அந்த முகத்தைத் தேடுகிறேன். பெயரைத்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.