ஒரே வீடு, இரண்டு கல்லீரல்

சொத்து

நான் மாத்திரைப் பட்டையைத் தள்ள, செல்வம் அண்ணன் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினார். மருந்து கொடுப்பது எங்கள் வேலையில் பாதி. வாங்க வைப்பது மீதி. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அண்ணன் மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அடைத்திருந்த இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலை வைத்திருக்கிறது. அதில் ரத்தம் உறையாமலிருக்க முதலில் கொடுத்த மாத்திரையைக் கல்லீரல்தான் மருந்தாக மாற்ற வேண்டும். அவருடைய கல்லீரலுக்கு அது முடியாது, பிறவியிலேயே அப்படி என்று மரபணுச் சோதனை சொல்லிவிட்டது. அதனால் வேறு மாத்திரை.

"அப்பா பக்கத்து மரபணு ஒண்ணு, அம்மா பக்கத்துது ஒண்ணு, ரெண்டும் இப்படி வந்திருக்கு அண்ணே" என்றேன்.

"வீட்ட எங்கண்ணனுக்கு எழுதிட்டு எனக்கு இதத்தான் விட்டுட்டுப் போனாரா லா எங்கப்பா?"

ஒரே சட்டி

அவர் மனைவி லட்சுமி அக்காவுக்கும் ஸ்டென்ட் உண்டு. பழைய மாத்திரை அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இந்த முறை மாதம் முடியும் முன்பே தீரப்போகிறது என்று வந்து நின்றார். கூடவே அண்ணன்.

ஏன் என்று கேட்டதும் அக்கா சொல்லிவிட்டார். புதிய மாத்திரையில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. சிலருக்கு வாங்கும், எங்களிடம் சொல்லியிருக்கலாம். அக்கா அதை நிறுத்திவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்துவந்திருக்கிறார். மூச்சு சரியாகிவிட்டது. ஸ்டென்டுக்குத்தான் காவல் இல்லை.

"சோறு கொழம்பு எல்லாம் ஒரே சட்டி. மாத்திரைக்கு மட்டும் தனிச் சட்டியா தம்பி?"

மூச்சு

"உங்க மாத்திரை அவர் உள்ள போய் சும்மா கெடக்கும் அக்கா. குழாய் அடைச்சா லோரி ஓட்டிட்டிருக்கும்போதே போயிடுவாரு."

இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அண்ணனைச் சோதித்தார். நெஞ்சில் புதிதாகக் கோளாறு இல்லை, மூச்சு வாங்குவது மாத்திரையால்தான், பெரும்பாலும் போகப்போகக் குறையும், பயப்படாமல் இன்றே மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "ராத்திரி பூரா பக்கத்துல படுத்து அந்த மூச்ச கேக்கறது நான் தம்பி. டாக்டரா கேக்கறாரு?"

"இவ குறட்டையில எனக்கே கேக்கல" என்றார் அண்ணன்.

மரபணுவைப் பார்க்கச் சோதனை வந்துவிட்டது; யார் வீட்டில் யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.

அண்ணன் புதிய மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அக்கா அவர் சட்டைப் பையில் கையை விட்டு, தன்னுடைய மாத்திரை மிச்சமிருந்த பழைய பட்டையை எடுத்தார். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.